நோயாளியுடன் வந்தவர்

1

செங்கல்பட்டில், என் தங்கை எஸ்தரின் வீட்டு மாடியறையிலிருந்து எழுதுகிறேன். நான் குடியிருப்பது நியூசிலாந்தின் தென்தீவில். என் மனைவி வசந்தா காலமாகி ஓராண்டு நிறைந்ததையொட்டி, அவள் பிறந்து வளர்ந்த இந்த ஊரில் ஒரு ஜெபக்கூட்டம் நடத்த விரும்பி வந்தேன். அவளுடைய உடல் அங்கே, கடலைப் பார்த்திருக்கும் ஒரு சரிவில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அதற்கு அடுத்த இடம் எனக்கென்று ஒதுக்கப்பட்டது.

விமானத்தில் வரும்போதே விலாவுக்குக் கீழே ஏதோ ஒன்று இடம் மாறி அமர்ந்ததைப் போல உணர்ந்தேன். வந்த பின்னும் உணவு இறங்கவில்லை. எஸ்தரும் அவள் மகன் டேனியலும் என்னை ஜி.எஸ்.டி. சாலையிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள்.

"பேஷண்ட் யாரு?" என்றார் மேசையிலிருந்த செவிலியர்.

நான் கையை உயர்த்தினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எஸ்தரிடம் திரும்பினார். "இன்னாம்மா பண்ணுது அவுருக்கு? சாப்புடறாரா? மோஷன் போறாரா?"

"அதெல்லாம் போறாரும்மா. ஃபாரின்லேர்ந்து வந்துகீறாரு. ஃப்ளைட்டு சாப்பாடு ஒத்துக்கல. கேஸு."

"காது கேக்குமா?"

"நல்லா கேக்கும். ப்ரொபசரும்மா அவுரு, இங்கிலீஷ் ப்ரொபசரு."

"அப்டியா" என்று வியந்துவிட்டு, குரலை நன்றாக உயர்த்தி என்னிடம் சொன்னார்: "தாத்தா! அந்தக் கட்டில்ல போய்ப் படுங்க!"

நம் மருத்துவமனைகளில் நோயாளியுடன் வந்திருப்பவருக்கு அட்டெண்டர் என்று பெயர். கேள்வி அவருக்கு, பதிலும் அவருடையது. மருந்தை அவர் வாங்குகிறார், முடிவை அவர் கேட்கிறார். நோயாளி சட்டையைக் கழற்ற மட்டும் தேவைப்படுகிறார். ஸ்கேன் முடிந்த மறுநாள், "அட்டெண்டர் மட்டும் உள்ள வாங்க" என்று கூப்பிட்டார்கள். எஸ்தரும் டேனியலும் உள்ளே போனார்கள். திரும்பி வந்தபோது எஸ்தரின் முகம் கழுவப்பட்டிருந்தது. முந்தானையின் ஓரம் ஈரமாக இருந்தது.

"என்ன சொன்னார்?"

"ஒண்ணியும் இல்லண்ணா. நான் சொன்னேன்ல, கேஸுதான். வா, வூட்டுக்குப் போலாம்."

2

ஓய்வு பெறும்வரை ஆங்கில இலக்கணம் கற்பித்தேன். ஓய்வுக்குப் பின், எங்கள் சிற்றூரின் நூலகத்தில் புதிதாக வந்து குடியேறுபவர்களுக்கு வாரந்தோறும் ஒரு வகுப்பு எடுக்கிறேன். அங்கே நான் விரும்பிக் கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு: பெயராகவும் பெயரடையாகவும் ஒரே வடிவில் நிற்கும் சொற்கள். பேஷண்ட் என்றால் பொறுமையுள்ள. நோயாளிக்கும் அதுவே பெயர். ரிலேட்டிவ் என்றால் ஒன்றைச் சார்ந்த, உறவினருக்கும் அதுவே. மார்ட்டல் என்றால் இறப்புக்குரிய, மனிதனுக்கும் அதுவே.

தமிழ் இப்படிச் செய்வது அரிது. 'நல்ல' என்ற சொல் தனியாக ஒரு நாற்காலியில் உட்கார முடியாது. நல்லவன், நல்லவள், நல்லவர் என்று ஓர் ஆளை உடன் அழைத்துக்கொண்டுதான் வர வேண்டும். ஆங்கிலமோ ஆளை எழுப்பிவிட்டு அவன் இருக்கையில் அவனுடைய ஒரு குணத்தை உட்கார வைத்துவிடுகிறது. வந்து குடியேறியவர்களுக்கு இது எளிதில் புரியும். அவர்கள் எல்லோருக்கும் அது நேர்ந்திருக்கிறது. எங்கள் முதல் ஆண்டுகளில் குடிவரவு அலுவலகத்துக் காகிதங்களில் வசந்தாவுக்குப் பெயர் டிபெண்டெண்ட். இரண்டு பட்டங்கள் பெற்றவள் அவள். எந்தக் கூட்டத்திலும் என்னைக் காட்டிலும் தெளிவாகப் பேசக்கூடியவள். "நான் யாரைச் சார்ந்து இருக்கேனாம்? உங்களையா? வெந்நீர் போடத் தெரியாது உங்களுக்கு" என்று சிரித்தாள்.

ஒரு முறை, சிரியாவிலிருந்து வந்த ரொட்டிக் கடைக்காரர் ஒருவர் வகுப்பில் கேட்டார்: "ஆசிரியரே, ஒரு மனிதனிடம் நூறு தன்மைகள் இருக்கின்றன. அவற்றில் எது அவனுக்குப் பெயராக வேண்டும் என்று யார் முடிவு செய்வது?"

"மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்" என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். மேசைக்கு எந்தப் பக்கமும் உட்காராமல், நடைபாதையில் ஒரு நெகிழி நாற்காலியில் காத்திருக்க நேரும் என்று அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

3

வசந்தாவுக்கு நோய் வந்தபோது அந்த நாடு வேறு விதமாக நடந்துகொண்டது.

அங்கே செய்தி நோயாளிக்கே சொந்தம். கணவனுக்குக்கூட நோயாளி அனுமதித்தால்தான் சொல்வார்கள். வசந்தாவுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். ஆனால் அன்று காலை அவள், "இன்னிக்கு எனக்குத் தமிழ்ல சொல்லச் சொல்லுங்க" என்றாள். நான் மொழிபெயர்க்க முன்வந்தேன். மருத்துவர் மறுத்தார். உறவினர் மொழிபெயர்க்கக் கூடாது, உறவினர் மென்மையாக்கிவிடுவார், அது விதி. தொலைபேசி வழியாக ஒரு மொழிபெயர்ப்பாளரை இணைத்தார்கள். எங்கேயோ இருந்த ஒரு பெண் குரல்.

மருத்துவர் டெர்மினல் என்றார். அதுவும் என் பாடத்தில் வரும் சொல்தான். அந்தப் பெண் சற்றுத் தயங்கி, "கடைசிக் கட்டம் என்று சொல்கிறார்" என்றாள்.

வசந்தா தொலைபேசியைப் பார்த்துக் கேட்டாள்: "நீங்க எந்த ஊரும்மா?"

சொந்த விவரம் கூற அனுமதியில்லை என்று அந்தப் பெண் மிகவும் வருத்தத்துடன் சொன்னாள். வசந்தா தலையசைத்தாள். பிறகு என்னிடம், "கார் நிறுத்தின நேரம் முடிஞ்சிருக்கும், பாருங்க" என்றாள்.

எங்கள் மகள் ரூத் அங்கே பிறந்தவள். அந்த விதியின் பிள்ளை. செங்கல்பட்டிலிருந்து உறவினர்கள் தொலைபேசியில், "அம்மாகிட்ட சொல்லாதம்மா, தாங்க மாட்டா" என்று மன்றாடியபோது அவள் சீறினாள்: "இட்ஸ் ஹெர் பாடி. அம்மாவுக்குத் தெரியணும். மறைக்கிறது லவ் இல்ல." அவளுடைய தமிழில் அவ்வளவு நீளமான பேச்சை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அந்த முறை கொடியது. ஆயினும் அது எங்களுக்குச் சில மாதங்களைத் தந்தது. அவற்றில் நாங்கள் ஒருவரிடம் ஒருவர் எதையும் நடிக்கவில்லை.

4

ஸ்கேனுக்குப் பின் எஸ்தரின் வீடு மாறியது.

நான் அறைக்குள் நுழையும்போது தொலைக்காட்சியின் ஒலி கூடியது. கறி வேண்டாம் என்று முதல் நாள் கடிந்தவள், மூன்று வேளையும் நான் கேட்டதைச் சமைத்தாள். பிறந்ததிலிருந்து என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவள் சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள். எல்லாவற்றிலும் என்னை அதுதான் அதிகம் அச்சுறுத்தியது.

ஒரு நாள் நேராகக் கேட்டேன். "எஸ்தர், எனக்கு என்ன?"

"உனக்கு இன்னா கேடு? கல்லு மாதிரி கீற. ரெண்டு இட்லி துன்னு."

மருத்துவரிடமும் கேட்டேன். தோளில் தட்டி, "தைரியமா இருங்க சார். எல்லாம் தம்பிகிட்ட சொல்லியிருக்கேன்" என்றார். தம்பி என்பது டேனியல். என் பயணச்சீட்டின் தேதியும் அந்த வாரமே தள்ளிப் போயிற்று. "ரூத்துதான் ஆன்லைன்ல மாத்துச்சு மாமா. நல்லா ரெஸ்ட் எடுத்துகினு போலாம்" என்றான் டேனியல். அத்தை மகன் கேட்டிருக்கிறான், அவள் செய்திருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

டேனியல் மாமல்லபுரத்தில் ஒரு கடலோர ஓட்டலில் வரவேற்புப் பணி செய்கிறான். விடுப்பே கிடைக்காதவன், ஒரு பிற்பகல் விடுப்பெடுத்து என்னை அங்கே அழைத்துச் சென்றான். கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு இறங்கியதும் உப்புக் காற்று அடித்தது. சிற்பக் கூடங்களிலிருந்து உளியின் ஓசை விட்டுவிட்டு வந்தது. ஓட்டலுக்குப் பின்னே மணல் கொஞ்சமே மிஞ்சியிருந்தது. கடல் தின்ற இடத்தில் கருங்கற்களைக் கொட்டியிருந்தார்கள். அலை கற்களுக்கிடையில் நுழைந்து, உள்ளே எதையோ தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பியது.

"போன வருஷம் இங்க வாலிபால் ஆடிகினு இருந்தாங்க மாமா" என்றான். "இப்ப கோர்ட்டு தண்ணிக்குள்ள கீது."

பிறகு என்னை நிற்கச் சொன்னான். "அப்டியே நில்லு மாமா. ஒரு சிங்கிள் எடுத்துக்கறேன்."

"எதற்கு இத்தனை படம்?"

"சும்மாதான். கொஞ்சம் லெஃப்டு. கண்ணாடிய கழட்டிடு, க்ளேர் அடிக்குது. பல்லு தெரியாம சிரி மாமா."

"பல் தெரியாமல் எப்படிச் சிரிப்பது?"

"லைட்டா. டீசன்டா. ஆங், அதான்."

இந்த மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் படம் தெரியும். மார்பளவு, பல் தெரியாத சிரிப்பு, பின்னால் வெறும் வானம். தெருமுனையில் கட்டும் பதாகைகளில், கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்துகளுக்குக் கீழே அது இருக்கும். நான் லைட்டாக, டீசன்டாகச் சிரித்தேன். படத்தைச் சரிபார்த்த டேனியல் தலை நிமிராமல், "சூப்பரா கீது மாமா" என்றான்.

5

ஜெபக்கூட்டம் எஸ்தரின் கூடத்தில் நடந்தது. எங்கள் முன்னோர் அச்சரப்பாக்கத்துப் பக்கம் பிறர் நிலத்தில் உழைத்தவர்கள். இப்போது ஆசிரியர், தாதி, ரயில்வே, பேங்க் என்று பிரிந்துபோன குடும்பங்கள். எல்லோரும் வந்திருந்தார்கள். ஊரப்பாக்கத்திலிருந்தும் ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தபோதுதான் எனக்கு வியப்பு ஏற்பட்டது. வசந்தாவை அறிந்தவர்கள் அத்தனை பேர் இல்லை.

பாட்டு முடிந்தது. போதகர் வசந்தாவின் நற்குணங்களைச் சொன்னார். பிறகு கண்களை மூடி, கைகளை உயர்த்தி ஜெபிக்கத் தொடங்கினார். முதலில் வசந்தாவின் பெயர் வந்தது. பின்னர் குரல் திசை மாறியது.

"எங்கள் மூத்த சகோதரனை உம்முடைய கரத்தில் வைக்கிறோம் தகப்பனே. அவருடைய உள்ளுறுப்புகளைத் தொடும் ஆண்டவரே. கட்டிகளைக் கரைத்துப்போடும். பூரண சுகம் தாரும்."

"ஆமென்" என்றது கூடம், மிகவும் அழுத்தமாக. என் தலைமீது யாரோ கை வைத்தார்கள். இன்னொரு கை. மற்றொன்று தோளில். கண்ணைத் திறந்து பார்த்தேன். எதிரே எஸ்தர் போதகரின் அங்கியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். காலம் கடந்திருந்தது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் ஒருவருக்கு நோய் என்றால் முதலில் சபைக்கு ஜெபக்குறிப்பு கொடுப்பார்கள். சபை ஜெபிக்கும், நோயாளிக்கு மட்டும் தெரியாமல் ஜெபிக்கும். ஆண்டவரிடம் மறைக்க முடியாது என்பதால் ஆண்டவருக்குச் சொல்லியாக வேண்டும். ஆண்டவருக்குச் சொன்னால் ஊரப்பாக்கம் வரை போய்விடும்.

பிரியாணி பரிமாறும்போது முன்பின் அறியாத ஓர் அம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கவலப்படாதீங்க பிரதர். எங்க வூட்டுக்காரருக்கும் இதேதான் இருந்துச்சி."

"இப்போது எப்படி இருக்கிறார்?"

அவர் தன் இலையைப் பார்த்தார். "கர்த்தர் எடுத்துக்கினாரு" என்றார். பிறகு பதறிப்போய், "ஆனா நல்ல சாவு பிரதர்" என்று சேர்த்துக்கொண்டார்.

அன்று மாடிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தேன். இறப்பதைப் பற்றி அல்ல. அதைப் பற்றி யோசித்துப் பயனில்லை என்பதை வசந்தாவிடம் கற்றிருந்தேன். எங்கே இறப்பது என்பதே கேள்வி. ஒரு நாள் வரை என்னால் விமானத்தில் உட்கார முடியும். அந்த நாளுக்குப் பின் எவரும் ஏற்ற மாட்டார்கள். அப்படியாயின் வசந்தாவுக்குப் பக்கத்து இடம் வெறுமையாகவே கிடக்கும். அந்த நாள் எப்போது வரும் என்பது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கலாம். கடந்துபோயிருந்தாலும் என்னிடம் சொல்ல மாட்டார்கள். அன்பினால் சொல்ல மாட்டார்கள்.

6

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது எஸ்தர் வரவில்லை. டேனியல் என்னை நடைபாதையில் உட்கார வைத்துவிட்டு, வண்டியைச் சரியான இடத்தில் விடக் கீழே போனான். நான் இஸ்திரி போட்ட சட்டையுடன், மடியில் ஸ்கேன் உறையுடன் இருந்தேன்.

கதவு திறந்தது. பணிக்குப் புதியவர் போலிருந்த செவிலியர் ஒருவர் என் பெயரைப் படித்தார். "இந்தப் பேஷண்ட்டோட அட்டெண்டர் இருக்கீங்களா?"

நான் எழுந்தேன்.

"நீங்களா?"

"நான்தான்."

உள்ளே இருந்த இளம் மருத்துவரை முன்பு பார்த்ததில்லை. வழக்கமான மருத்துவர் விடுப்பில் இருந்தார். "உக்காருங்க சார். பேஷண்ட் வரலையா?"

"பக்கத்தில்தான் இருக்கிறார்."

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"நெருங்கியவன்" என்றேன்.

அவர் உறையை வாங்கிப் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். படித்த பிள்ளைக்குரிய பணிவுடன், மிகத் தெளிவாகச் சொன்னார். கணையத்தில் தொடங்கியது. கல்லீரலுக்கும் போய்விட்டது. அறுவைக்கான கட்டம் தாண்டிவிட்டது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்கிறார் என்ற எண்ணமே முதலில் வந்தது. அந்த மனிதருக்காக எனக்கு வருத்தமாகவும் இருந்தது.

"அவர் வெளிநாட்டில் வசிக்கிறார். திரும்பிப் போக முடியுமா?"

"போகணும்னா சீக்கிரம் போகணும் சார். இப்ப போகலாம். தள்ளிப்போட்டா நான் அனுப்ப மாட்டேன்." அவர் ஏதோ எழுதினார். "வலி இல்லைன்னு குறிச்சிருக்கு. அட்டெண்டர் சொன்னதுதானே?"

"ஆம், அட்டெண்டர் சொன்னது."

"அவருக்கு விஷயம் தெரியுமா?"

"இதுவரை யாரும் சொல்லவில்லை."

"சொல்லாதீங்க சார்" என்றார் உண்மையான அக்கறையுடன். "ப்ரொபசராமே. படிச்சவங்கதான் சட்டுனு உடைஞ்சிடுவாங்க. நீங்க தைரியமா இருங்க, அது போதும்."

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து அதே நாற்காலியில் அமர்ந்தேன். டேனியல் இரண்டு படியாகத் தாண்டி ஓடிவந்தான். "கூப்ட்டாங்களா மாமா?"

"ஆயிற்று. மருந்து அதேதான்."

"நீ ஏன் மாமா உள்ள போன? நான் வரமாட்டனா?" அவன் என் முகத்தையே பார்த்தான். "இன்னா சொன்னாரு?"

"தைரியமாக இருக்கச் சொன்னார். உன்னையும் சேர்த்துத்தான்."

7

அன்றே நண்பகலில் ரூத் அழைத்தாள். அங்கே மாலையாகியிருக்கும். அழைப்பு எப்போதும் ஆங்கிலத்தில் தொடங்கும். அன்று தமிழில் தொடங்கினாள்.

"அப்பா! எப்படி இருக்கீங்க? டேனியல் சொன்னான், ஜஸ்ட் கேஸ்னு. அத்தை சமையல் ரொம்ப ஸ்பைசி, அதான்." சிரித்தாள். சிரிப்பு சற்று நேரம் கூடுதலாக நீடித்தது. "நல்லா ரெஸ்ட் எடுங்க. அவசரம் ஒண்ணும் இல்ல. எனக்கு லீவ் கிடைச்சிருக்கு, நானே அங்க வரேன். ஹாலிடே மாதிரி."

இந்த ஊரை அவள் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறாள். இதன் தூசியும் கொசுவும் அவளுக்கு ஆகாது. தன் பிள்ளைகளுக்கு அவள் இந்த மொழியைக் கற்பிக்கவில்லை. அவள் எங்களை விட்டு மிகத் தொலைவு போய்விட்டாள் என்று வசந்தாவும் நானும் பலமுறை பேசியிருக்கிறோம். இப்போது எஸ்தரின் பேச்சை, எஸ்தரின் தொனியில், தன் உடைந்த தமிழில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ரூத்" என்றேன். "இன்று காலை டாக்டரிடம் பேசினேன்."

"எந்த டாக்டர்? டேனியல் கூட இருந்தானா?"

"இல்லை. நான் தனியாக."

இணைப்பு அறுந்ததோ என்று திரையைப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

"எல்லாம் சொன்னாரா?"

"எல்லாம்."

"ஸாரிப்பா" என்றாள். "அத்தை ரொம்ப அழுதாங்க. ப்ராமிஸ் பண்ணச் சொன்னாங்க. நான் அம்மாவுக்கு அப்படிச் சண்டை போட்டேன்ல? உங்க டர்ன் வந்தப்போ என்னால முடியல. என் வாயால சொல்ல முடியல."

"தெரியும். பரவாயில்லை. பயணச்சீட்டை முன்னுக்கு மாற்று. கிடைக்கும் முதல் நாளுக்கு."

"டிராவல் பண்ணலாமா?"

"இப்போது போகலாம் என்றார். தள்ளிப்போட்டால் முடியாது."

"அங்க எல்லாரும் இருக்காங்களேப்பா. அத்தை நல்லா பாத்துப்பாங்க."

"ஆம். மிக நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். ஆனால் உன் அம்மா அங்கே தனியாக இருக்கிறாள்."

அவள் அழுவதை நான் கேட்டேன். கீழே எஸ்தர் யாரிடமோ, "மேல போன்ல பேசிகினு கீறாரு, சத்தம் போடாத" என்று அடங்கிய குரலில் அதட்டினாள். அவளிடம் இன்றே சொல்லியாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் என்னோடு மறுபடியும் சண்டை போட வேண்டும்.

நெடுநேரம் கழித்து ரூத் மூக்கைச் சிந்தினாள். பிறகு, குழந்தையாக இருந்தபோது பேசிய அதே சிறிய தமிழில் கேட்டாள்:

"அப்பா, வலிக்குதா?"

நான் வந்து இறங்கிய நாளிலிருந்து இந்தக் கேள்வியை எவரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், வலிக்கக் காரணம் உண்டு என்று ஒப்புக்கொண்டதாகியிருக்கும்.

"வலிக்கிறதம்மா" என்றேன். "ராத்திரியில் அதிகமாக இருக்கிறது."